அக்காவுக்கு வந்த பச்சை வட்டங்கள்

1

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். முதலில் எல்லா ஜன்னல்களையும் திறந்து காற்று விட்டேன். ஜெர்மனியில் வாடகைக்குக் குடியிருப்பவர் தினமும் வீட்டுக்குள் காற்று விட வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. காப்பி போட்டேன். எட்டு மணிக்கு மேல் காலி பாட்டில்களை நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டிகளில் போட்டுவிட்டு, ரொட்டிக் கடை வரிசையில் நின்று நான்கு ரொட்டிகளுடன் திரும்பினேன். அதன் பிறகுதான், மார்ச் மாதத்திலிருந்து வழக்கமாகச் செய்வதுபோல், அடுப்படி மேசையில் உட்கார்ந்து அக்காவின் சாப்பாட்டைப் பார்த்தேன்.

அக்கா கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். நான் அவள் சாப்பாட்டைப் பார்ப்பது கைபேசிச் செயலி ஒன்றில். தட்டைப் படம் எடுத்தால் அது என்ன, எவ்வளவு என்று செயலி கணக்கிட்டு, உடம்புக்கு நல்லது என்றால் பச்சை வட்டம், பரவாயில்லை என்றால் மஞ்சள், கெடுதல் என்றால் சிவப்பு என்று காட்டும். பூமிக்கும் நல்லது என்றால் வட்டத்தின் பக்கத்தில் ஒரு இலை முளைக்கும்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கும் பச்சை வட்டம். இலையும் இருந்தது. திருப்தியாக ரொட்டியில் கை வைத்தபோது மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. மார்ச் மாதம் ஒன்பதாக இருந்தது. இப்போது பத்தரை.

சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தன. வேறு யாருடைய ரத்தமும் இல்லை.

2

இந்தச் சீட்டை ஏன் இவ்வளவு எதிர்பார்த்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. மாடு கறக்கும்போது பால் பாதி சொம்புக்கு வெளியே போகிறது என்று மாமா ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கள்ளக்குறிச்சி கண் மருத்துவர் சர்க்கரையை எட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள், மறுவாரமே ஆபரேஷன் செய்துவிடலாம், அதுவரை கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் கெடு. அந்தக் கெடுவுக்கான சீட்டுதான் இது.

மார்ச்சில் இரண்டு வாரம் ஊருக்குப் போனது இதற்காகத்தான். செயலியை அக்காவின் கைபேசியில் ஏற்றியதும் நான்தான். அது எங்கள் ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் பரிந்துரைத்த செயலி. குடும்பக் கணக்கில் நான், மனைவி சுமதி, மகள் யாழினி மூவரும் இருந்தோம். நான்காவதாக அக்காவைச் சேர்க்கலாம் என்று பார்த்தால் அஞ்சல் எண் கேட்டது. கள்ளக்குறிச்சியின் எண்ணைப் போட்டால் ஓர் இலக்கம் அதிகம் என்றது. உதவி மையத்துக்கு எழுதினேன். குடும்ப உறுப்பினர் என்றால் ஒரே முகவரியில் வசிப்பவர் என்று பொருள் என்று பதில் வந்தது. இந்த விளக்கத்தை எங்கள் ஊரில் யாரிடமாவது சொன்னால் அடிக்க வருவார்கள். வேறு வழியில்லாமல் எங்கள் முகவரியையே போட்டேன். ஆக, செயலியைப் பொறுத்தவரை அக்கா எங்களோடு மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள்.

அதன் விளைவாக, அக்கினி வெயிலில் அவளுக்கு வெள்ளைத் தண்டு ஒன்றின் படத்தோடு செய்தி வந்தது. அது இங்கே வசந்த காலத்தில் விளையும் அஸ்பராகஸ். உங்கள் பகுதியில் இப்போது இதுதான் பருவம், அருகில் விளைந்ததை வாங்கிப் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று எழுதியிருந்தது. அக்கா அன்று போன் செய்தாள்.

"இன்னாடா இது, வாழத்தண்டு கணக்கா வெள்ளையா ஒன்னு வந்துகினு கீது? இத வாங்கி ஆக்கணுமா?"

"அதெல்லாம் வேணாங்க்கா. அத விட்ரு."

"எதெத விடணும், எதெத புடிக்கணும்னு ஒரு தபா சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? ஒம்பாட்டுக்கு ஏத்தி வெச்சிட்டு ஏரோபிளேன் ஏறிட்ட."

நான் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஒரு முழு மாலை உட்கார்ந்து சொன்னேன். செயலியில் தமிழ் கிடையாது. அதனால் படிக்காமலே புரியும்படி வழி செய்தேன். மதியம் ஒரு மணிக்கு மணி அடிக்கும். அடித்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கி, சாப்பாட்டைப் படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அன்றே மூன்று முறை செய்து காட்டினாள். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரல் பழகிவிட்டது.

3

ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். இரும்புத் துண்டு வரைபடத்தில் உள்ள அளவுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அளவு தப்பாக வந்தால் துண்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அளக்கும் கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். அப்படிப்பட்ட நான் சீட்டைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்பட்டது அக்காவை. திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாள் என்றே முடிவு கட்டினேன். அங்கே சுற்றிலும் கரும்புத் தோட்டம். மாமாவுடையதே ஒன்றரை ஏக்கர்.

மற்றபடி அவள் செய்தது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விற்பவர்களிடம் சாமை வாங்கி, அரிசிக்குப் பதில் வாரத்தில் நான்கு நாள் அதைப் பொங்கினாள். செயலி அதை வேறு ஏதோ தானியம் என்று நினைத்துக்கொண்டு பச்சை கொடுத்தது. முருங்கைக்கீரைக்குப் பச்சை. அவித்த முட்டைக்குப் பச்சை. கேழ்வரகுக் களியை மட்டும் சாக்லேட் கேக் என்று முடிவு செய்து சிவப்பு கொடுத்ததோடு, கோக்கோ தூர தேசத்திலிருந்து கப்பலில் வருவதால் பூமிக்கும் கேடு என்று கண்டித்தது. அது தப்பு என்று நான் சொல்வதற்குள் அக்கா களி கிண்டுவதை நிறுத்திவிட்டாள். "செவப்பு வந்துச்சின்னா ஒனக்கு மூஞ்சி சுருங்கிடும், இன்னாத்துக்கு வம்பு" என்றாள்.

தினமும் இரவு செயலி இன்னொரு கேள்வியும் கேட்கும். இன்று உணவு எதையாவது குப்பையில் கொட்டினீர்களா என்பது அது. வலது பக்கம் தள்ளினால் இல்லை என்று பொருள். அக்கா ஒரு நாள் தவறாமல் வலது பக்கம் தள்ளியிருந்தாள். அதற்காக மே மாதம் அவளுக்குத் தங்க நிறத்தில் ஒரு பதக்கம் வந்தது. எங்கள் குடும்பக் கணக்கிலேயே முதல் பதக்கம். யாழினிக்குக்கூட இன்னும் வெள்ளிதான்.

யாழினிக்குப் பதினாறு வயது. செயலி சொல்வது அவளுக்கு வேதம். நெல் வயலிலிருந்து கிளம்பும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு கேட்கும். உன் அத்தை கல்யாணம் ஆன நாளிலிருந்து நாற்று நட்ட வயல்தான் அது என்றேன். "நான் அத்தையைச் சொல்லலை, வயலைச் சொல்றேன்" என்றாள். அவள் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஊர் மட்டும்தான் இல்லை.

4

சீட்டு வந்த அன்று காலை அந்த யாழினிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

நான் மூன்று மாதப் படங்களையும் பெரிய கணினித் திரையில் போட்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தப்பு, எந்தத் தட்டில் அளவு கூடியது என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. தட்டில் பாதிக்கு மேல் காய், கொஞ்சம் சாமை, ஓரத்தில் முட்டையோ மீனோ. பச்சை, பச்சை, பச்சை. தலைமுடியைக் கலைத்தபடி எழுந்து வந்த யாழினி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"அப்பா, அத்தை கையில ஏன் இவ்வளவு முடி?"

"எங்கே?"

"இதோ. இந்த போட்டோவில. அதுலயும். எல்லாத்துலயும்."

தட்டின் ஓரத்தில், சோற்றில் வைக்கத் தயாராக ஒரு கை. கறுப்புக் கயிறு கட்டிய மணிக்கட்டு. கனத்த விரல்கள். அடுத்த படத்திலும் அதே கை. முந்தின வாரத்திலும் அதே கை. மூன்று மாதமாகத் தினமும் பார்த்த படங்கள் இவை. வட்டத்தின் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"இது அத்தை கை இல்லை, மாமா கை" என்றாள் யாழினி. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

5

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல் ஆகியிருந்தது. மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார் போலிருக்கிறது. அவர் குரல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

"யக்கா, மத்தியானம் மணி அடிச்சதும் யாரு தட்ட போட்டோ எடுக்கற?"

"யாரு தட்ட? சாப்பாட்டத்தான் எடுக்கறேன். நீதான் சொன்ன, மணி அடிச்சதும் சாப்பாட்ட எடுன்னு. ஒரு மணிக்கு ஒங்க மாமா ஒக்காருவாரு. போட்டுட்டு எடுக்கறேன்."

"அது மாமா சாப்பாடுக்கா. ஒன் சாப்பாடு?"

"ரெண்டும் ஒரே கொழம்புதான்டா. அவருக்குத் தனியா, எனக்குத் தனியாவா ஆக்கறேன்?"

"ஒன் தட்ட ஏன் எடுக்கல?"

உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவளாகக் கேட்டாள்.

"நான் எங்கடா தட்டு போட்டு சாப்பிடறேன்?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தேன். மாமா சாப்பிட்டு எழுந்ததும் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குப் போடுகிறாள். காய், கீரை, முட்டை அதோடு முடிந்துவிடும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, குழம்புச் சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டுப் புரட்டி, அடுப்படியில் நின்றபடி தின்கிறாள். எவ்வளவு என்றால் இருக்கிற அளவு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நான்கு பேருக்குப் பொங்குகிறாள். யாராவது வந்து நின்றால் பானை காலியாக இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். யாரும் வராத நாளில் வராதவர்களின் சோறும் இரவு அவள் வயிற்றுக்குத்தான் போகிறது. சாமை போதவில்லை என்று இரவுக்குத் தனியாக அரிசி வேறு.

"மீந்தா மாட்டுக்கு ஊத்தறதுதானக்கா?"

"மாட்டுக்கு எவ்ளோதான் ஊத்தறது? சோறு ஜாஸ்தியா ஊத்தினா மாட்டுக்கு வவுறு உப்பிக்கும். டாக்டரு திட்டுவாரு."

"மாட்டு டாக்டர் சொன்னா கேப்ப. கண்ணு டாக்டர் சொன்னா கேக்க மாட்ட."

"கத்தாத. அப்ப கொட்டவா சொல்ற? சோத்த? அதான் தெனம் ராத்திரி கேக்குதே ஒன் மிஷினு, கொட்டினியா கொட்டினியான்னு. ஒரு நாளாச்சும் கொட்டியிருப்பனா நானு? மெடலே குடுத்துச்சி."

பூமிக்காகக் கொடுத்த பதக்கத்தை அவள் உடம்பு கொடுத்து வாங்கியிருக்கிறாள். செயலியின் ஒரு பாதி கொட்டாதே என்கிறது, இன்னொரு பாதி தின்னாதே என்கிறது. இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்போது மாமா கைபேசியை வாங்கினார். குரலில் உற்சாகம் வழிந்தது.

"மச்சான், அவள விடு. அது எப்பவும் அப்பிடித்தான். எனக்கு இன்னா ஆச்சி தெரியுமா? நேத்து அவளுக்கு ரத்தம் எடுக்கப் போனப்ப நானும் எட போட்டேன். எட்டு கிலோ கம்மி! தொப்பையே காணம். முட்டிவலி கூட இல்ல. வயலுக்கு சைக்கிள்ல போய்க்கினு இருக்கறேன். நீ ஏத்திக் குடுத்தது ஒன்னாம் நம்பரு மச்சான்!"

6

செயலி வேலை செய்திருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. இரண்டு நாட்டுக்கு நடுவில், தமிழே தெரியாமல், ஐம்பத்தெட்டு வயதுக் கரும்பு விவசாயி ஒருவருக்குத் தொப்பையைக் குறைத்திருக்கிறது. அந்த மனிதர் சாப்பாட்டைப் பற்றி அதனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உட்கார்ந்தார், போட்டார்கள், தின்றார். கேட்டவள் நோயாளியாகவே இருக்கிறாள்.

ஆத்திரம் தாங்காமல் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். சனிக்கிழமை மனிதர்கள் இல்லை, இயந்திரம்தான் பதில் சொன்னது. ஜெர்மன் மொழியில் வேற்றுமை உருபு தப்பாமல் எழுதுவதற்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு நேரம் பிடிக்கும். என் அக்கா தட்டில் சாப்பிடுவதில்லை, பானையில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள், அதை உங்கள் செயலி கேட்பதே இல்லை என்று எழுதினேன். ஒரே பானையில் சமைக்கும் உணவுகளில் உங்களுக்கு உள்ள ஆர்வத்துக்கு மகிழ்ச்சி என்று ஏழு சமையல் குறிப்புகள் வந்தன. இரண்டாவது முறை, படங்கள் என் அக்காவின் உணவு அல்ல, அவள் கணவருடையது என்று எழுதினேன். கணக்கில் பதிவாகாத நபரின் உணவைப் பதிவேற்றுவது பயன்பாட்டு விதிகளுக்கு முரண் என்றது. மாமாவைச் சேர்க்க விரும்பினால் அவரும் எங்கள் முகவரியில் வசிக்க வேண்டுமாம். மூன்றாவது முறை எழுதாமல் மூடினேன்.

எங்கள் அம்மா எந்தத் தட்டில் சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் தட்டு நினைவிருக்கிறது, விளிம்பில் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. என்னுடையது நினைவிருக்கிறது. அம்மாவுடையது நினைவுக்கு வரவே இல்லை.

மாலை சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது சுமதி மேடையருகே நின்றுகொண்டு, மதியம் மீந்த தயிர்சாதத்தைக் கிண்ணத்தோடு கையில் வைத்து வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். சுமதிக்குச் சொந்த ஊர் உளுந்தூர்பேட்டை. இங்கே ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையும் மூன்று நாற்காலியும் உண்டு.

"என்ன பாக்கறீங்க?" என்றாள்.

"உக்காந்து சாப்பிடேன்."

"இந்த ஒரு வாய்க்கு உக்காரணுமா?"

"நம்ம செயலியில நீ எந்தத் தட்ட எடுக்கற?"

அவள் கிண்ணத்தைக் கழுவப் போட்டாள். "ஞாயித்துக்கிழம மட்டும் என்னுது. மத்த நாள் எது அழகா இருக்குதோ அது. பெரும்பாலும் உங்களுது." துண்டில் கை துடைத்தாள். "மணி அடிச்சா எடுன்னு உங்க அக்காவுக்கு ஆயிரம் தபா சொன்னீங்களே, அவங்க எப்ப சாப்பிடுவாங்கன்னு ஒரு தபா கேட்டீங்களா? கேட்டுட்டு இல்ல மணி வெச்சிருக்கணும்?"

ஒரு மணி என்று வைத்தது நான்தான். ஒரு மணிதான் சாப்பாட்டு நேரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டில் நான் சாப்பிட்ட நேரம் அது. மார்ச்சில் இரண்டு வாரமும் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி எழுந்து போயிருக்கிறேன். அக்கா எப்போது சாப்பிட்டாள் என்று பார்க்க இருந்ததில்லை.

படுக்கப்போகும் முன் மணியை மூன்றுக்கு மாற்றலாமா என்று யோசித்தேன். மூன்று மணிக்கு அடித்தால் அவள் குழம்புச் சட்டியைப் படம் எடுப்பாள். செயலி அதற்கும் ஏதாவது பெயர் வைக்கும். மருத்துவர் இன்னும் மூன்று மாதம் கெடு கொடுத்திருப்பதாக மாமா சொன்னார். இடது கண்ணுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும், ஜன்னலைக்கூடத் திறக்காமல், மாமாவின் எண்ணுக்குப் போன் செய்தேன். இந்த மூன்று மாதத்தில் இந்த விஷயமாக அவரை அழைப்பது அதுதான் முதல் முறை. அங்கே காலைச் சாப்பாட்டு நேரம்.

"சாப்ட்டீங்களா மாமா?"

"ஆச்சி மச்சான். சாமை இட்லி மூணே மூணு. அவ்ளோதான்." பெருமையாகச் சொன்னார்.

"அக்கா?"

"அவளா? சாப்ட்ருப்பா."

"சாப்ட்டாங்களா, சாப்ட்ருப்பாங்களா?"

"இரு, கேக்கறேன். ஏ இந்தா..."

"கேக்காதீங்க மாமா. கேட்டா ஆச்சின்னுதான் சொல்லும். எழுந்து போய்ப் பாருங்க."

"எங்க, அடுப்பாண்டயா?" ஏதோ வெளியூருக்குப் போகச் சொன்ன மாதிரி கேட்டார்.

"ஆமா மாமா. நான் லைன்லயே இருக்கறேன்."

கட்டில் கிரீச்சிட்டது. செருப்பில்லாத காலடி. பிறகு அவர் குரல், சற்றுத் தள்ளி.

"இன்னாடி நின்னுகினு துன்ற?"

"வேலயப் பாருங்க. யாரு போன்ல? அவன்தானா? அவனுக்கு வேற பொழப்பே இல்லியா?"

"அத வெய்யி கீழ. ஒக்காரு. எனக்கு வெச்ச மாதிரி வெச்சித் துன்னு, ஒந்தம்பி கேக்கறான்."

"எனக்கு எதுக்குத் தட்டு, கழுவறதுக்கு இன்னொன்னா?"

பாத்திரங்கள் உருட்டப்படும் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ மூடி விழுந்து சுழன்று நின்றது. ஒரு அலமாரிக் கதவு திறந்து மூடியது. இன்னொன்று திறந்தது.

"ஏம்மே," என்றார் மாமா, "இந்த வூட்ல தட்டுலாம் எங்க வெச்சிகினு கீற?"